மழையின் எடை



குளிர்பதனப் பெட்டியின் உட்புறத்திலன்றி வேறெங்கும் பனிக்கட்டியைக் கண்டிராத ஈப்போ நகரத்து நம்மவர் சபையில், புதுப்பனி பெய்த மலைச்சாரலின் அபாயத்தை எவ்வாறு நிர்ணயிக்கிறார்கள் என்பதை முகவுரையாக வைத்துப் பேசப்போகிறேன் என்று தெரிவித்தபோது, நண்பர் சிலர் நகைத்தனர். நகைத்ததில் நியாயம் உண்டு. நமக்குக் கிழக்கே 2,183 மீட்டர் உயர்ந்து நிற்கும் கொர்பு மலையின் உச்சியிலேகூடப் பனி பொழிவதில்லை. காலை மூடுபனியும் மாலை இடிமழையுமே அதற்கு வாய்த்தவை. ஆயினும் பனிமலை விஞ்ஞானிகள் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக ஒரு சரிவைப் பார்த்துக் கேட்டுவரும் கேள்விகளைப் பனிக்குப் பதிலாக மழையை வைத்து நம் பேராக் மலைகளை நோக்கிக் கேட்டால், அவை அப்படியே பொருந்துகின்றன என்பதும், அவற்றுக்கு விடை கூறும் கருவி நம் தோட்டத்து ஆபீசுகளின் வாசலிலேயே நெடுங்காலம் நின்றிருந்தது என்பதும், அக்கருவி யாருடைய பிரயோஜனத்துக்காக வாசிக்கப்பட்டது என்பதும் இன்று பேசத்தக்க விஷயங்கள் என்று கருதுகிறேன்.

ஸ்விட்சர்லாந்தில் டாவோஸ் நகருக்கு மேலேயுள்ள வைஸ்ஃப்ளூயோக் என்னும் உயரத்தில் 1936-ஆம் ஆண்டு ஒரு சிறு குடிலில் தொடங்கிய ஆராய்ச்சியே இத்துறைக்கு அடிப்படை. 1945 முதல் அந்நாட்டார் பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கைகளைக் குளிர்காலந்தோறும் ஒழுங்காக வெளியிட்டு வருகின்றனர். இந்தியாவிலும் இமயத்துக்கென்று இதே வகையான ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1969-இல் ஏற்பட்டது. இவையெல்லாம் நமக்கு எட்டாத செய்திகள் என்று ஒதுக்கிவிட வேண்டாம்: 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சின் பனிமலையில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த காவல் நிலை ஒன்றைப் பனி புதைத்தபோது அகப்பட்ட பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆம் பட்டாளத்தோடு இருந்தவர்கள்; தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சிலவும் அவ்வாண்டு அந்தச் சோகத்தில் பங்குகொண்டன.

பனிச்சரிவு நிபுணர் கேட்கும் கேள்விகள் சிக்கலானவை அல்ல. கடந்த ஒரு நாளில் புதிதாகப் பெய்த பனி எவ்வளவு? காற்று அதை எந்தப் பக்கத்திலிருந்து வாரி எந்தப் பக்கத்தில் குவித்தது? சரிவின் கோணம் என்ன? முப்பது பாகைக்குக் குறைந்த சரிவில் பனி பெரும்பாலும் நகர்வதில்லை. ஐம்பதைத் தாண்டிய செங்குத்தில் அது தங்கிச் சேர்வதே இல்லை, சிறிது சிறிதாக உதிர்ந்துவிடுகிறது. இடைப்பட்ட சரிவிலேதான் அது அமைதியாகச் சேர்ந்து, பின்பு ஒரே பலகையாகப் பெயர்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, புதுப்பனிக்கு அடியில் என்ன படிந்து கிடக்கிறது என்பது. பல வாரங்களுக்கு முன்பு தெளிந்த இரவுகளில் உண்டான, ஒன்றோடொன்று ஒட்டாத பனிமணிகளின் மெல்லிய அடுக்கு ஒன்று கீழே மறைந்திருக்குமானால், அதன் மேல் ஏறிய சுமை எந்நேரமும் வழுக்கலாம். மேற்பரப்பைப் பார்த்து இதைக் கண்டறிய முடியாது. ஆகவே அவர்கள் மண்வெட்டியால் குழி தோண்டி, அடுக்கடுக்காகத் தொட்டுப் பார்க்கின்றனர். பனி பெய்து ஓய்ந்த முதல் நாளும் மறுநாளுமே மிகக் கொடியவை. அந்நாள்களிலேதான் வானம் நீலமாகத் தெளிந்து, வெயில் பளபளத்து, சறுக்கி விளையாடுவோரை வா வா என்று அழைக்கிறது. புயலில் வீட்டுக்குள் இருந்து பிழைத்தவன் வெயிலில் வெளியே போய்ச் சாகிறான். சுமை ஏறும் நேரம் ஒன்று, மனிதன் அச்சம் தெளியும் நேரம் வேறொன்று; இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பேதமே இந்தச் சாஸ்திரத்தின் சாரம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியோர் இச்சபையில் பலர் இருக்கிறீர்கள். சுங்கை சிப்புட் பக்கமாயினும் கோப்பெங் பக்கமாயினும், தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் புல்வெளியின் நடுவே ஊன்றியிருந்த மழைமானியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு நாளும் காலையில் கிராணியோ அவர் அனுப்பிய பையனோ அதிலுள்ள தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி அளந்து புத்தகத்தில் எழுதுவார். மாத முடிவில் அக்கணக்கு மேனேஜர் துரையின் அறிக்கையோடு கம்பெனியின் ஏஜென்டுகளுக்குப் போகும். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டினபடியே கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் பரவி வீணாகும். மங்குக் கிண்ணத்தில் விழுந்ததும் மழைநீரோடு கலந்து கெடும். ஆகையால் மழை நாள் என்றால் வெட்டு இல்லாத நாள். பெரட்டுக்களத்தில் இருள் பிரியுமுன் வந்து நின்ற ஜனங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, தண்டல் கையசைத்ததும் வாளிகளோடு லயத்துக்குத் திரும்பிய காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை, அல்லது குறைவு. இவ்வாறு மழையளவு என்பது நம் முன்னோர்க்கு ஒரு பொருளாதார எண்ணாகவே அறிமுகமாயிற்று. அதே எண் மலையைப் பற்றியும் ஒரு செய்தி கூறுகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, சொல்லத் தெரிந்தவர்களும் அக்காலத்தில் அதிகமில்லை.

அந்தச் செய்தியைக் கணக்காகவே சொல்லிவிடலாம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ நூறு டன். ஆறு அங்குலம், அதாவது 150 மில்லிமீட்டர் பெய்தால் அறுநூறு டன். ஒரு பகுதி ஓடையாக வடிந்துவிடும் என்பது உண்மையே. எஞ்சியது மண்ணுக்குள் இறங்குகிறது. ஈப்போவின் சராசரி மழை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் என்பதால் நமக்கு இது புதிதல்ல. ஆனால் அந்த மழை ஆண்டு முழுதும் சமமாகப் பெய்வதில்லை. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமழைகள் நாள் தவறாமல் வந்து, முதல் நாள் மழை வடிவதற்குள் மறுநாள் மழையை அதன் மேல் ஏற்றிவிடுகின்றன.

இச்சுமையைத் தாங்கும் மண் எத்தகையது? கிந்தாப் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே தித்திவங்சாத் தொடரும் மேற்கே கிளேடாங் தொடரும் கருங்கல்லால் ஆனவை. ஆனால் இவ்வுஷ்ணப் பிரதேசத்தில் கருங்கல் கருங்கல்லாகவே நிலைப்பதில்லை. கோடிக்கணக்கான ஆண்டு மழையில் அது மேலிருந்து கீழாக உளுத்து, சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் செம்மண்ணாகி, அம்மண்ணுக்குள்ளே உளுக்காத உருண்டைப் பாறைகளை ஆங்காங்கே பொதிந்து வைத்திருக்கிறது. உலர்ந்த மணலைக் கையால் குவித்தால் சரிந்துவிடும், சிறிது ஈரமாக்கினால் குழந்தை கட்டிய கோபுரம்கூட நிற்கும், இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் கோபுரம் குழைந்து ஓடிவிடும். நம் மலைச்சரிவுகள் பெரும்பாலான நாள்களில் அந்த இரண்டாம் நிலையிலேயே நிற்கின்றன. மண்துகள்களுக்கு இடையே சிறிதளவு நீரும் சிறிதளவு காற்றும் இருக்கும்வரை அந்த நீர் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்கும். காற்று முழுதும் வெளியேறி நீரே நிறைந்துவிட்டால் இழுத்த நீர் தள்ளத் தொடங்குகிறது. சரிவு மாறவில்லை, கோணம் மாறவில்லை, மரங்கள் நின்றபடியே நிற்கின்றன. உள்ளே பிடிமானம் மட்டும் போய்விட்டது. பனிமலையில் மறைந்திருக்கும் நொய்ந்த அடுக்குக்கு இங்கே சமமாவது, இளகிய மண்ணும் கெட்டிப் பாறையும் சந்திக்கும் அந்தக் கண்காணா எல்லைதான்.

நீர் அந்த ஆழத்துக்கு இறங்க நேரம் பிடிக்கிறது. ஆகவே மழை நின்ற பிறகும் மலை தன் தீர்மானத்தை ஒத்திவைத்திருக்கக் கூடும். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் கூடாரமடித்து உறங்கியோர் மீது மலை சரிந்து 31 பேர் மாண்டபோது, அன்றிரவு அங்கே பெருமழை இல்லை. முந்தைய நாள்களில் விட்டுவிட்டுப் பெய்த மழைதான் சேர்ந்திருந்தது. வந்து விழுந்த மண் ஏறத்தாழ நாலரை லட்சம் கன மீட்டர் என்று அப்போது கணித்தார்கள். பள்ளி விடுமுறைக் காலம். கூடாரங்களில் குழந்தைகளும் இருந்தனர்.

நம் பேராக் மாநிலத்துக்குரிய பெருஞ்சோகம் கம்பாருக்கு அருகே நிகழ்ந்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள், சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், டிப்பாங் ஆற்றின் கரையிலிருந்த போஸ் டிப்பாங் என்னும் செமாய்ப் பூர்வகுடியினரின் குடியிருப்பை, மேலே மலைக்காட்டிலிருந்து சேறும் பாறையும் மரத்தண்டுகளும் ஒன்றாய்க் கலந்து வந்த பெருக்கு அடித்துச் சென்றது. இறந்தவர் 44 பேர். இங்கே கவனிக்க வேண்டியது, அம்மக்கள் செங்குத்தான சரிவின் மேல் வீடு கட்டியவர்கள் அல்லர் என்பது. அவர்கள் வீடுகள் பள்ளத்தாக்கில், ஆற்றோரத்தில், கண்ணுக்கு எவ்வித அபாயமும் தென்படாத இடத்தில் இருந்தன. மண் பெயர்ந்த இடம் ஒன்று, மனிதர் இறந்த இடம் வேறொன்று. நடுவே ஆறு ஒரு பாதையாக மட்டும் பயன்பட்டது. காட்டில் மரம் வெட்டியதால் வந்ததா, இயற்கையாகவே வந்ததா என்று பிற்பாடு நடந்த வாதங்களில் நான் புக விரும்பவில்லை. மழை பெய்துகொண்டிருக்கும்போதே மலையாற்றில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் மகிழாதே, மேலே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது, உடனே உயரத்துக்கு ஓடு என்பது மலைநாடுகள் எங்கும் தெரிந்த ஒரு விதி. அதை நம் பள்ளிப் புத்தகங்களில் எங்காவது ஒரு மூலையிலாவது அச்சிட்டிருக்கலாம்.

கேரளத்தில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியிலும் கதை அதுவே. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, தேயிலைத் தோட்டத்து லயங்களில் உறங்கிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். அன்று ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. சரிவு புறப்பட்டதோ லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டிலல்ல, வெகு தூரத்தில் மேலே, லயத்து வாசலிலிருந்து பார்த்தால் சந்தேகம் தோன்றாத மலைமுகட்டில். மின்சாரமும் தொலைபேசியும் முன்னமே அற்றுப்போயிருந்தமையால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலையாயிற்று.

நம் மலேசிய அரசாங்கம் இவ்விஷயத்தில் வாளாவிருந்தது என்று சொல்ல முடியாது. 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஹைலண்ட் டவர்ஸ் மாடிக்கட்டடம் விழுந்து 48 பேர் இறந்ததும், 2003-ஆம் ஆண்டு நவம்பரில் புக்கிட் லாஞ்சானில் பாறை சரிந்து நெடுஞ்சாலையை மாதக்கணக்கில் மூடியதும் பொறுப்பிலுள்ளோரை உலுக்கின; 2004-இல் பொதுப்பணித் துறையில் மலைச்சரிவுக்கென்று ஒரு தனிக் கிளை பிறந்தது. மலைநிலத்தைக் கோணத்தைக் கொண்டு நான்கு வகுப்பாகப் பிரிக்கும் முறையும் நடைமுறையில் உண்டு: 15 பாகைக்குக் கீழ் முதல் வகுப்பு, 25 வரை இரண்டாவது, 35 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. கட்டட அனுமதி கொடுக்கும் உத்தியோகஸ்தருக்கு இது சௌகரியமான முறை. ஆனால் மனை நிற்கும் கோணத்தைக் கேட்டு, மனைக்கு மேலே ஒரு மைல் தூரத்திலுள்ள ஓடையின் தலைப்பைக் கேளாமல் விட்டால், போஸ் டிப்பாங்கும் பெட்டிமுடியும் அந்த அட்டவணையில் ஆபத்தில்லாத வகுப்பில்தான் விழுந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஈப்போவாசிகளாகிய நாம் இன்னொரு வகை மலையோடும் வாழ்கிறோம். இந்நகரைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் கல்மலைகளின் இயல்பு கருங்கல் மலையினின்று முற்றும் வேறானது. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், குனோங் சீரோ மலையின் செங்குத்தான முகத்திலிருந்து ஒரு மாபெரும் பாளம் பெயர்ந்து அடிவாரத்திலிருந்த வரிசை வீடுகளின் மேல் விழுந்து, ஏறத்தாழ நாற்பது பேரைக் கொன்றது. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து காவடிகள் வந்து சேரும் கல்லுமலைக் கோயில் இம்மலையின் அடியிலேதான் இருக்கிறது. எனினும் அந்த 1973-ஆம் ஆண்டை நினைவுகூரும் பேச்சை நம் கூட்டங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. இவ்வகை மலையில் நேற்றைய மழையை அளந்து நாளைய அபாயத்தைக் கணிக்க இயலாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து, நேர்க்குத்தான பிளவுகளை நூற்றாண்டுக் கணக்கில் அகலப்படுத்துகிறது. அடிவாரம் குடையப்பட்டு மேல்முகம் தொங்கி நிற்கிறது. கடைசிச் சிறு பிடிப்பு எந்த நாளில் விடும் என்பது மழைமானிக்குத் தெரியாது. பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு வேறு லட்சணங்கள் உண்டு. பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் கறுத்துச் சாம்பல் பூத்த பாறைமுகத்தில் திடீரென்று வெளிறிய புதுத் தழும்பு தெரிந்தால், அங்கிருந்து அண்மையில் ஏதோ விழுந்திருக்கிறது. அடியில் கூர்முனை மழுங்காத கற்கள் சிதறிக் கிடந்தால், இன்னும் விழும். மலாய் நாடுகளுக்கென்று ஓர் அரசாங்கப் புவியியல் நிபுணர் 1903-இல் நம் பத்து காஜாவில் வந்து அமர்ந்தது வெள்ளீயத்தைத் தேடுவதற்காகத்தான். எனினும் அவர் தொடங்கிய பணியின் வாரிசான இலாகா ஈப்போவிலேயே ஒரு புவியியல் காட்சிசாலையை வைத்திருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மலையடியில் வீடு வாங்குமுன் பெரியவர்களும் போவது நல்லது.

மண்மலைக்கே திரும்புவோம், ஏனெனில் அங்கே அளவைக்கு வழி உண்டு. இலங்கையின் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பொதுஜனங்களுக்குச் சொல்லும் கணக்கு எளிமையானது: ஒரு நாளில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாயிரு, 100 ஆனால் புறப்பட ஆயத்தமாயிரு, 150 ஆனால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால், வீட்டை விட்டுப் போய்விடு. அந்த எண்களை அப்படியே எடுத்துப் பேராக்குக்குப் பொருத்த முடியாது. நம் மண்ணுக்குரிய எண்களை நம் பதிவுகளிலிருந்தே காண வேண்டும். தோட்டங்கள் எழுதிவைத்த பழைய மழைப் புத்தகங்கள் எங்கெல்லாம் எஞ்சியிருக்கின்றனவோ அங்கெல்லாம் அவற்றைக் கரையானிடமிருந்து மீட்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். அளப்பதற்குப் பெரிய இலாகாவும் வேண்டியதில்லை. கேரளத்தின் வயநாட்டில் ஹ்யூம் மையம் என்னும் சிறு நிறுவனம் விவசாயிகள், ஆசிரியர்கள் போன்ற சாதாரண ஜனங்களைக் கொண்டு ஏறத்தாழ 200 இடங்களில் மழையை அளந்து வந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பிரதேசத்தை மலை அழித்ததற்கு முந்தைய நாளே, புத்துமலையில் மழை மிகுதியாகச் சேர்ந்துவருவதைக் கண்டு அபாயத்தை அறிவித்தது. அதே புத்துமலை 2019 ஆகஸ்டில் சரிந்து பலரைப் பலிகொண்ட இடம். அவர்கள் ஜாதகம் பார்த்துச் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்துச் சொன்னார்கள்.

எனினும் அளந்தும் அறிந்தும் என்ன பயன் என்று கேட்க வைக்கும் உதாரணமும் உண்டு. இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் காலையில் மண்ணுக்குள் போயின. அவ்விடம் ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. ஜனங்கள் அறியாமையால் தங்கிவிட்டார்கள் என்று அப்போது சிலர் எழுதினார்கள். அதை நான் ஏற்கவில்லை. லயம் தோட்டத்தினுடையது, நிலம் தோட்டத்தினுடையது, வேலையும் அங்கே. வெளியேறச் சொன்னவர் எங்கே போவது என்பதைச் சொல்லவில்லை. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற துண்டாடல் காலத்தில் வீடும் வேலையும் ஒரே நாளில் போனதைக் கண்ட தலைமுறைக்கும், துன் சம்பந்தன் 1960-இல் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டியது ஏன் என்று அறிந்தவர்க்கும் இந்தக் கஷ்டத்தை விவரிக்க வேண்டியதில்லை.

பனிமலை நாடுகளில் எச்சரிக்கை விடும் நிபுணர், தாம் விடும் எச்சரிக்கைகளுள் பல பலியாமலே போகும் என்பதை முன்னமே ஒப்புக்கொண்டுதான் அத்தொழிலில் அமர்கிறார். சாலையை மூடினார்கள், பனி சரியவில்லை. மறுபடியும் மூடினார்கள், சரியவில்லை. அதனால் நேரும் நஷ்டம் அரசாங்கத்துக்கும் ஓட்டல்காரருக்கும் உரியது. நாள்கூலிக்காரனுக்கோ ஒவ்வொரு வீண் எச்சரிக்கையும் ஒரு நாள் சோறு. இரண்டு முறை வெளியேறி, மலை விழாமல், கூலியும் இழந்தவன் மூன்றாம் முறை கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டால் அவனை எப்படிக் குறை கூறுவது? இந்த நியாயத்தைக் கணக்கில் சேர்க்காத அபாய நிர்ணயம், எத்தனை கருவிகளைக் கொண்டிருந்தாலும், பாதி நிர்ணயமே.

இன்று நம்மில் பெரும்பாலோர் லயத்தை விட்டு நகரத்து வரிசை வீடுகளுக்கு வந்துவிட்டோம். ரப்பர் நின்ற சரிவுகளில் செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புத் திட்டத்தின் விளம்பரப் பலகை நிற்கிறது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் போகும்போது, வெட்டிய சரிவுகளின் அடியில் காய்கறித் தோட்டத்துக் கொங்சிக் கொட்டகைகளில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் தங்கியிருப்பதைக் காண்கிறோம். நம் பாட்டனார் படுத்த இடத்தில் இன்று படுத்திருப்பவர்கள் அவர்களே. அத்தகைய ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மழைமானி வைக்கச் செலவு மிகச் சொற்பம்; மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியும், காலை எட்டு மணிக்கு அதை வாசிக்க ஒருவரும் போதும். வாசித்த அளவைக் கொங்சி வாசலில், அங்கே படுப்பவர் பாஷையில் எழுதிவைக்க வேண்டும். நேற்றைய அளவோடும் முந்தாநாள் அளவோடும் கூட்டியே எழுத வேண்டும். குறித்த அளவைத் தாண்டிய இரவில் அவர்களை இறக்கிக் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும் மண்டபம் எது என்பதும் முன்னமே தீர்மானமாகியிருக்க வேண்டும். அந்த இரவுக்கும் மறுநாளுக்கும் உரிய கூலி, மலை சரிந்தாலும் சரியாவிட்டாலும், மழையளவு எழுதிய அதே புத்தகத்தில் அடுத்த பத்தியில் முதலாளி கையெழுத்தோடு ஏறட்டும். இதைத் தோட்ட உரிமத்தின் நிபந்தனையாக்கும்படி மாநில அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்ப இச்சபை இணங்குமானால், அதன் முதற்பிரதியை எழுதித் தர நான் சித்தமாயிருக்கிறேன்.